பயிற்றுநருக்குத்தான் என் ஓட்டு

அமெரிக்கக் காற்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை 2018-இல் பிலடெல்பியா ஈகல்ஸ் குழு ஜெயித்தது யாரால் என்றால், ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸால் என்பார்கள்; நான் பயிற்றுநர் டக் பெடர்சனால் என்பேன். அந்த ஆட்டம் எனக்குப் பழக்கமானதே அக்கா மகனால்தான். 2017 பருவத்தில் அவன் பிலடெல்பியா ஈகல்ஸ் பைத்தியம். அதற்குக் காரணம் கார்சன் வென்ட்ஸ், 13 ஆட்டங்களில் 33 டச்டவுன் எறிந்த குவார்ட்டர்பேக். குவார்ட்டர்பேக் என்றால் தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவர்; எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளி. டிசம்பர் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காலோடு இன்னொரு டச்டவுனும் எறிந்துவிட்டுத்தான் வெளியே போனார். மருமகனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எனக்கோ அப்போதுதான் அக்கறையே வந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் நிக் ஃபோல்ஸ், 2016-இல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் குழுவுக்கு நான் ரிசர்வ் கோல்காவலன். திடலில் மழை பெய்து எல்லாரும் சேறும் சகதியுமாக வருவார்கள். என் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் வரும், அம்மாவுக்குத் துவைக்கிற வேலை மிச்சம். எங்கள் பயிற்றுநர் பெரியவர்களின் பிள்ளைகளைத்தான் இறக்குவார். சரி, அந்தக் கதை வேண்டாம்.

ஃபோல்ஸ் வந்ததும் வெளுத்துக்கட்டவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ரெய்டர்ஸை ஜெயித்தார்கள், ஆனால் அவர் தடுமாறினார். பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றில் சொந்தத் திடலிலேயே அட்லாண்டாதான் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 15-10 என்று ஈகல்ஸ் ஜெயித்ததும் அதன் ஆட்டக்காரர்கள் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும், தோற்கும் என்று கணிக்கப்பட்ட பக்கத்தை ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்பதால், நாய் முகமூடியை மாட்டிக்கொண்டு திடலில் திரிந்தார்கள். அடுத்து மினசோட்டாவை 38-7.

சூப்பர் பவுல் நமக்கு 2018 பிப்ரவரி 5, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு. தைப்பூசம் முடிந்த வாரம். எனக்குச் செம்பனை ஆலையில் மதிய ஷிஃப்டு என்பதால் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். எதிரே குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் பேட்ரியட்ஸ் குழு.

இடைவேளைக்கு 38 வினாடி. 15-12 என்று ஈகல்ஸ் முன்னிலை. கோட்டுக்கு ஒரு கஜம்தான் பாக்கி, ஆனால் நான்காவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு; தவறினால் பந்து எதிரணிக்கு. உதைத்தால் 3 புள்ளி கிட்டத்தட்ட உறுதி. ஃபோல்ஸ் ஓரத்துக்கு வந்து ஒரு தந்திரத்தின் பெயரைச் சொல்லி, அதை ஆடலாமா என்று கேட்கிறார். பயிற்றுநர் டக் பெடர்சன் ஒரு கணம் யோசித்துச் சரி என்கிறார். ஃபோல்ஸ் என்னவோ ஆளுக்கு ஆள் சொல்லப்போகிறவர்போல் நடந்துபோய் நிற்க, பந்து அவரிடம் வராமல் நேராகச் சக ஆட்டக்காரர் கோரி கிளெமென்டிடம் போகிறது. கிளெமென்ட் ட்ரே பர்டனிடம் தட்டிவிட, பர்டன் எறிய, கவனிப்பார் யாருமில்லாமல் நின்ற ஃபோல்ஸ் பிடிக்கிறார். டச்டவுன்! "மாமா, குவார்ட்டர்பேக்கே பிடிச்சிட்டாரு!" என்று மருமகன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன.

எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது கடைசிப் பகுதி. 33-32 என்று பேட்ரியட்ஸ் முந்திவிட்டது, ஆறு நிமிடம்கூட இல்லை. மறுபடியும் நான்காவது முயற்சி, இந்த முறை தங்கள் பாதியிலேயே. தவறினால் பந்து பிரேடி கையில், கதை முடிந்தது. பெடர்சன் பந்தைத் தூர உதைத்துவிடச் சொல்லவில்லை. ஃபோல்ஸ் ஸாக் எர்ட்ஸுக்கு இரண்டு கஜ எறிதல் ஒன்று எறிந்தார், முயற்சி பலித்தது. அதே எர்ட்ஸ் பிறகு டச்டவுனும் அடித்தார். அப்புறம் பிரேடியின் கையிலிருந்தே ஈகல்ஸின் பிராண்டன் கிரஹாம் பந்தைத் தட்டிவிட, ஆட்டம் 41-33. 1960-க்குப் பிறகு ஈகல்ஸுக்கு முதல் பட்டம்.

சிறந்த ஆட்டக்காரர் விருது ஃபோல்ஸுக்கு. 373 கஜம் எறிந்தவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்பான் மருமகன். நியாயம்தான். ஆனால் ரிசர்வ்காரன் எவனும் எறிய ஆசைப்படுவான், எறிடா என்று சொல்ல ஓரத்தில் ஒருவர் வேண்டுமே. பெடர்சனும் பெஞ்சில் தேய்ந்த குவார்ட்டர்பேக்தான், 1999-இல் இதே ஈகல்ஸில் ஆடியவர். ஈகல்ஸ் திடலுக்கு வெளியே அப்புறம் வைத்த சிலையைப் பாருங்கள். ஃபோல்ஸ் பந்து பிடிக்கிற சிலை இல்லை அது. அவர் கேட்கிறார், பக்கத்தில் பெடர்சன் நிற்கிறார்.