ஸ்கூலுக்கு வர்ற நாய்க்கு என்ன வேலை?

நான் இங்க இங்கிலாந்துல ஒரு பிரைமரி ஸ்கூல்ல டீச்சிங் அசிஸ்டென்ட்டா இருக்கேன். எங்க ஸ்கூலுக்கு வாராவாரம் வியாழக்கிழமை காலைல ஒரு லேப்ரடார் வரும், பேரு டாஃபி (பேர மாத்திட்டேன், நாய்க்கும் ப்ரைவசி உண்டுல்ல). இத ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் ஒரே கேள்விதான், "நாய் வந்து என்னடி பண்ணும்?" ஒண்ணும் பண்ணாது. லைப்ரரி மூலைல ஒரு மேட் போடுவோம், அதுல படுத்துக்கும், ஒரு புள்ள பக்கத்துல உக்காந்து புக் படிக்கும், பத்து பதினஞ்சு நிமிஷத்துல அந்தப் புள்ள போயி அடுத்த புள்ள வரும், அவ்ளோதான். ஷேக்ஹேண்ட் குடுக்கறது, பந்து புடிக்கறது எல்லாம் கிடையாது. சும்மா படுத்திருக்கறதுல என்ன வேலை இருக்குன்னு நானும் மொதல்ல நெனச்சேன்தான்.

டாஃபிய கூட்டிட்டு வர்றவர் ஒரு ரிட்டயர்ட் போஸ்ட்மேன். வேலைல இருந்த காலம் பூரா நாய்ங்ககிட்ட தப்பிச்சு ஓடின மனுஷன், இப்ப நாயோட ஸ்கூலுக்கு வர்றார், கேட்டா அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். அவங்க வர்றது பெட்ஸ் ஆஸ் தெரபின்னு ஒரு சாரிட்டி மூலமா, 1983ல ஆரம்பிச்சது, நாய் கூட உக்காந்து படிக்கறதுக்குன்னே 'ரீட் டு டாக்ஸ்'னு ஒரு திட்டம் வச்சிருக்காங்க. இந்த ஐடியாவுக்கு மூலம் அமெரிக்கா, 1999ல சால்ட் லேக் சிட்டி லைப்ரரில இன்டர்மவுண்டன் தெரபி அனிமல்ஸ்னு ஒரு அமைப்பு இத ஆரம்பிச்சுது. அதுக்கும் முன்னாடி போனா போரிஸ் லெவின்சன்னு நியூயார்க்ல ஒரு குழந்தை மனநல நிபுணர், அவரோட நாய் ஜிங்கிள்ஸ் ரூம்ல இருக்கும்போது யார்கிட்டயும் ஒட்டாத ஒரு பையன் அது கூட ஒட்டிக்கிட்டான், அதப் பாத்துட்டு 1960கள்ல அவர் மாநாட்டுல பேசினா கூட இருந்தவங்க நக்கல் அடிச்சாங்களாம், உங்க ஃபீஸ்ல நாய்க்கு எத்தன பர்சென்ட்னு.

சரி, நம்ம லைப்ரரி மூலைக்கு வர்றேன். எங்க கிட்ட ஒரு ஏழு வயசுப் பையன் இருக்கான், கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டான், படிக்கச் சொன்னா புக்க மூடிட்டு டேபிளுக்கு அடியில போயிடுவான். எங்கள மாதிரி பெரியவங்க என்ன பண்றோம், புள்ள ஒரு வார்த்தைல தட்டுச்சுன்னா வாய் சும்மா இருக்காது, உடனே எடுத்துக் குடுத்துடுவோம். டாஃபி எடுத்துக் குடுக்காது. அது மட்டும் இல்ல, கூட்டிட்டு வர்ற போஸ்ட்மேன் ஒரு டெக்னிக் வச்சிருக்கார். பையன் ஒரு வார்த்தைய குத்துமதிப்பா சொல்லிட்டுத் தாண்டிட்டான்னா, "இந்த வார்த்தை டாஃபிக்கு புரியலயாம்பா, என்னன்னு அவனுக்குக் கொஞ்சம் சொல்லேன்"பார். தப்புன்னு யாரும் சொல்லல, தெரியாதது நாய்க்கு. பையன் திரும்பப் போயி எழுத்து எழுத்தா கூட்டிப் படிச்சு நாய்க்கு வெளக்கம் குடுப்பான். படம் வர்ற பக்கத்துல புக்க திருப்பி அது மூக்குக்கு நேரா காட்டுவான், அது மோந்து பாக்கும், அப்புறம்தான் அடுத்த பக்கம். இது இந்தப் போஸ்ட்மேன் கண்டுபுடிச்சது இல்ல, இந்த ஃபீல்டுல நெறைய பேர் சொல்லிக்குடுக்கற வழிதான், ஆனா அவர் வாய்ல அது நெசமாவே நாய் கேட்ட மாதிரி வரும்.

இன்னொண்ணு. ஒரு நாள் இவன் படிச்சுட்டு இருக்கும்போது டாஃபி கொட்டாவி விட்டுச்சு, நாக்கால மூக்க நக்கிச்சு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. பாத்தா தூக்கம் வந்த மாதிரிதான் தெரியும். அவர் மெதுவா சொன்னார், நாய் இப்படிப் பண்ணா 'எனக்குப் போதும்'னு அர்த்தம், அவனுக்கு வாய் பேச வராது, இப்படித்தான் சொல்லுவான்னு. வெளில ஏதோ ட்ரில் மிஷின் ஓடிட்டு இருந்துச்சு, அது புடிக்கல போல. பையன் புக்க மூடினான், டேபிளுக்கு அடில போகல, "அவனுக்கு பிரேக் வேணும், நான் கிளாசுக்குப் போறேன்"னு எந்திரிச்சு நடந்து போயிட்டான். அடுத்த வாரம் வந்து மொதல் வேலையா நாய் மூஞ்சிய உத்துப் பாத்துட்டுத்தான் உக்காந்தான். சக பசங்க மூஞ்சி சுருங்கறதே தெரியாத புள்ள அவன்.

அதனால என்னைக் கேட்டா இந்த வேலைல பாதிக்கு மேல அந்த மனுஷனோடதுதான். அவர் புள்ளையப் பாக்கறதே இல்ல, முழு நேரமும் கண்ணு நாய் மேலதான். புள்ளைய நான் பாத்துக்கணும்: கழுத்தக் கட்டிப் புடிக்கக் கூடாது, மேல சாயக் கூடாது, முன்னாடியும் பின்னாடியும் கை கழுவணும். நாய் எந்திரிச்சுப் போக நெனச்சா வழி விடணும், அதுக்காகவே மேட்ட மூலைல போட்டாலும் செவுத்தோட ஒட்டிப் போட மாட்டோம்.

இப்ப நெறைய ஸ்கூல்ல ஹெட்டீச்சரே சொந்தமா ஒரு குட்டி வாங்கி வந்து "வெல்பீயிங் டாக்"னு சொல்லி நாள் பூரா காரிடார்ல சுத்த விடறாங்க, எனக்கு அது சுத்தமா புடிக்கல. சாரிட்டி மூலமா வர்ற நாய்க்கு டெஸ்ட் இருக்கு, திடீர்னு சத்தம் கேட்டா மெரளுதா, ட்ரீட்ட வெடுக்குன்னு புடுங்காம வாங்குதா, காதத் தொட்டா வாலத் தொட்டா சும்மா இருக்கான்னு பாத்துதான் அனுப்பறாங்க. குட்டிய யாரு பாத்தா? கூட நூறு பசங்க வேற.

நாய் வந்தா நெசமாவே ஏதாவது மாறுதான்னு கேக்கறவங்களுக்கு, லிங்கன் யுனிவர்சிட்டில பண்ண ஒரு ஆய்வு 2022ல பிளாஸ் ஒன்னு ஒரு ஆராய்ச்சி இதழ்ல வந்துச்சு. சாதா ஸ்கூல் புள்ளைங்க 105 பேர், ஸ்பெஷல் ஸ்கூல் புள்ளைங்க 44 பேர். சில பேருக்கு வாரம் ரெண்டு தடவ இருவது நிமிஷம் நாய் கூட, சில பேருக்கு நாய் இல்லாம ரிலாக்ஸ் பண்ற பயிற்சி, மிச்ச பேருக்கு ஒண்ணும் இல்ல, நாலு வாரம். எச்சில் எடுத்து கார்ட்டிசால் அளந்தாங்க, அதாங்க ஸ்ட்ரெஸ் ஹார்மோன். சாதா ஸ்கூல்ல டெர்ம் போகப் போக மத்த ரெண்டு குரூப்புக்கும் ஏறிச்சு, நாய் குரூப்புக்கு ஏறல. அது ஸ்ட்ரெஸ் பத்தித்தான் சொல்லுது, மார்க் ஏறும்னெல்லாம் சொல்லல.

புள்ள நாய் கூட உக்காந்து படிக்க எல்லாப் பேரன்ட்ஸும் கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட மாட்டாங்க. எங்க ஸ்கூல்ல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, கேட்ல என்னப் புடிச்சு, "அக்கா, இவளுக்கு நாய் எண்டா சரியான பயம், வீட்டில சாமி அறையும் இருக்கு, நான் சைன் வைக்கேல்ல" என்டு சொன்னாங்க. வைக்கலன்னா வேணாம், யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா அந்தப் புள்ள லைப்ரரி கண்ணாடிக் கதவுல மூக்க ஒட்டிட்டு நிக்கும். ரெண்டாவது டெர்ம்ல அந்த அம்மாவே ஃபார்ம் குடுத்தாங்க, கீழ பேனால எழுதி: பாக்கலாம், தொட வேண்டாம். இப்ப அவ தள்ளி ஒரு சேர்ல உக்காந்து சத்தமா படிக்கிறா. டாஃபிக்கு அதுல ஒரு பிரச்சனையும் இல்ல.

இதெல்லாம் கேட்டுட்டு கோயம்புத்தூர்ல டீச்சரா இருக்க என் ஃப்ரெண்டு எங்க ஸ்கூல்லயும் பண்ணலாமாடின்னா. நம்ம ஊர்ல இது புதுசு இல்ல, சென்னைல ப்ளூ கிராஸ் 'டாக்டர் டாக்'னு தெரபி நாய் திட்டம் ஒண்ணு நடத்தியிருக்காங்க, மும்பைல அனிமல் ஏஞ்சல்ஸ்னு இதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. ஆனா 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே ஸ்கூல் வளாகத்துல இருந்து தெருநாய்ங்கள அப்புறப்படுத்தச் சொன்ன நாடு, ரேபிஸ் பயம் நெசமான பயம், கேட் கிட்ட படுத்திருக்கறதுக்கு பிஸ்கட் போட்டு உள்ள கூட்டிட்டு வந்துடாதன்னு சொன்னேன். தடுப்பூசி கார்டு வேணும், காலைலயே முடிச்சுடணும், பதினோரு மணிக்கு மேல அந்த வெயில்ல நாய் மூச்சு வாங்கும், அது கூட வாழற ஆள் கூடவே இருக்கணும், பொறுமையான ஆளா கெடைக்கறதுதான் கஷ்டம். எல்லாத்தையும் எழுதிட்டுப் போயி கரஸ்பாண்டென்ட் கிட்ட கேட்டிருக்கா. அவர் முழுசா கேட்டுட்டு, "ஏம்மா, பூனைன்னா பரவால்லயா?"ன்னாராம். பெட்ஸ் ஆஸ் தெரபில பூனையும் இருக்கு, ஆனா அத நான் இன்னும் அவகிட்ட சொல்லல.