அம்மாவின் எக்ஸ்ரே நார்மலாகத்தான் இருந்தது

அம்மாவுக்கு மூட்டுகளைப் பாதிக்கும் முடக்குவாதம் வந்து பதினோரு வருஷம். மாடிப்படியில் நின்று நின்று ஏற ஆரம்பித்தபோது முழங்கால்தான் படுத்துகிறது என்று எல்லாரும் நினைத்துவிட்டோம், கேட்டால் அவரும் "கால்தான்டி" என்பார். ஒரு நாள் காலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவர், கதவைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது கால் இல்லை.

எக்ஸ்ரே சுத்தம். சளியில் டிபி இல்லை, எக்கோவில் இதயமும் நன்றாக இருந்தது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். எட்டு மாதம் ஒழுங்காக இழுத்தார், இளைப்பு குறையவே இல்லை. மூச்சை ஊதிப் பார்க்கும் டெஸ்டை அந்த எட்டு மாதத்தில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அது இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் போன நுரையீரல் மருத்துவர் முதலில் எழுதியதே அந்த டெஸ்டைத்தான். மூக்கில் கிளிப் போட்டு, "ஊதுங்கம்மா, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று டெஸ்ட் எடுத்த பெண் சத்தம் போட, அம்மா கண்ணில் நீர் வர ஊதினார். முதல் ஒரு விநாடியில் வெளியே வந்த காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 48 சதவீதம். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினால் 49. ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே ஏறியிருக்கும். அடுத்து கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, முழுசாக ஊதி முடித்த பிறகும் உள்ளேயே தங்கும் காற்றை அளந்தார்கள். அது அளவுக்கு மேல் இருந்தது.

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போய் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடும், அங்கே தாங்கிப் பிடிக்கக் குருத்தெலும்பு கிடையாது. ஒவ்வொன்றும் பொடிசு என்றாலும் எண்ணிக்கை ஏராளம், அதனால் நிறைய அடைத்துப்போன பிறகுதான் ஆளுக்கே தெரியும்.

அந்தச் சின்னக் குழாய் நோய்களைப் பெரிதாக இரண்டாகப் பிரிக்கலாம் என்றார். ஒன்று, தொற்று, புகை, உணவு புரையேறுவது போன்றவற்றால் வரும் அழற்சி. குழாய்க்குள் சளி நிரம்பினால் சி.டி.யில் மொட்டு விட்ட கிளை மாதிரி தெரியும், காரணத்தைக் கவனித்தால் பல சமயம் சரியாகும். இன்னொன்று, குழாயைச் சுற்றித் தழும்பு விழுந்து நெரிப்பது. முடக்குவாதத்தில் வரும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் வரும், ரசாயன ஆவியாலும் வரும். அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு, வெண்ணெய் வாசனைக்குச் சேர்த்த டையசெட்டில் ஆவியால் வந்ததாக 2000-ல் தெரியவந்ததாம்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு சி.டி. இருந்தது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்த நிலையில் மட்டும் எடுத்தது அது. டாக்டர் இன்னொன்று எழுதினார், மூச்சை முழுசாக வெளியே விட்டபடியும் எடுக்க வேண்டும் என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காற்று வெளியேறிய இடமெல்லாம் சாம்பலாகியிருக்க, நடுநடுவே கறுப்புத் திட்டுகள் அப்படியே நின்றன. அம்மாவுக்குள் அடைபட்ட காற்று அது. முதல் படத்தில் அந்தத் திட்டுகள் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பயாப்ஸி வேண்டுமா என்று கேட்டேன். இந்த நோய் திட்டுத் திட்டாக இருப்பதால் குழாய் விட்டு எடுக்கும் சின்னத் துணுக்கில் சிக்காமல் போகலாம், ஆபரேஷன் செய்து எடுக்க இந்த மூச்சு தாங்காது, முடக்குவாதமும் டெஸ்டும் படமும் அந்தத் தழும்பு வகையைத்தான் காட்டுகின்றன, வேண்டாம் என்றார். தழும்பு பழையபடி ஆகாது, மேலே போகாமல் பிடிக்கப் பார்ப்போம் என்றும் மறைக்காமல் சொன்னார். அம்மா தலையாட்டினார், நான்தான் வெளியே வந்து அழுதேன்.

மூட்டுவாத டாக்டரோடு பேசி முடக்குவாத மருந்தை மாற்றினார்கள், ஈசிஜி பார்த்துவிட்டு வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் சேர்த்தார்கள். இது அம்மாவுக்கு எழுதியது, பார்த்துவிட்டு நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் இன்ஹேலருக்கு அடங்காத இளைப்பு, எக்ஸ்ரே நார்மல் என்றால், ஊதும் டெஸ்டும் மூச்சை விட்டபடி எடுக்கும் சி.டி.யும் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கேன் சீட்டில் எழுதாவிட்டால் இழுத்த நிலையில் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் ஊதியபோது 47. பெரிய கோலத்தை இப்போது நான் போடுகிறேன், அம்மா முக்காலியில் உட்கார்ந்து புள்ளிக் கணக்கு சொல்கிறார்.