ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள அவதானப்பட்டி ஏரிப் பக்கம் நாற்பது நிமிடம் நடந்தேன். வலி இல்லை. வீட்டுக்கு வந்ததும் இடது கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள அந்த இடத்தைத் தொட்டாலே அக்டோபரில் கண்ணில் நீர் வரும். இன்று வெறும் எலும்பாக மட்டும் இருந்தது.

அரை மாரத்தான் ஆசையில், வாரம் 20 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை ஒரே மாதத்தில் 38 ஆக்கினேன். வலி வந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தசைப்பிடிப்பு என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி மேலும் இரண்டு வாரம் ஓடினேன். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்த பிறகுதான் முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பில் விரிசல் என்று தெரிந்தது. இவ்வகை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அது யார் குற்றமும் இல்லை. "தெரியாமலும் இருக்கலாம், அதுவரை ஓடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 2, வியாழன்

பிசியோதெரபிஸ்ட் இடது காலில் மட்டும் பத்து முறை குதிக்கச் சொன்னார். குதித்தேன். ஓட அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. அப்படி ஆறு முறை. ஞாயிறு, செவ்வாய், வியாழன் மட்டும். ஓடும்போது வலித்தால் நிறுத்த வேண்டும். மறுநாள் காலை வலித்தாலும் அது வலிக் கணக்கில்தான் சேரும், ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

பள்ளி மைதானம். பனி மூட்டத்தில் எதிர்ப்பக்கக் கோல் கம்பம் தெரியவில்லை. ஷூ கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். கை நடுங்கியது. முதல் நிமிடம் முழுக்க இடது பாதம் மண்ணில் விழும் ஓசையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். வலது கால் "தப்" என்று விழுகிறது, இடது கால் பயந்து பயந்து தேய்கிறது. நான்காவது முறையில்தான் இரண்டும் ஒரே ஓசையாயின. அங்கேயே நின்று அழுதேன். மொத்தம் ஆறு நிமிட ஓட்டம்.

ஜனவரி 7, செவ்வாய்

அதே ஆறு நிமிடம். வலி இல்லை.

ஜனவரி 14, பொங்கல்

இன்று ஓட்டம் இல்லை. நேற்றிரவு ஊறவைத்த அவரைக்கொட்டையை நானும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து பிதுக்கினோம். விரல் நுனியில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பு, கேழ்வரகுக் களி. "இன்னொரு உருண்டை போட்டுக்கொள் கண்ணு" என்றார் அம்மா. மறுக்கவில்லை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் ஓடும் பெண்கள் யாராவது படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எலும்பு மருத்துவர் முதலில் கேட்டது என் ஷூவைப் பற்றி அல்ல, சாப்பாட்டையும் மாதவிலக்கையும் பற்றி. காலை ஐந்து மணிக்கு ஓடிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்குப் போய், மதியம்தான் சாப்பிடுவேன். மூன்று மாதமாக விலக்கு வரவில்லை. 39 வயது, இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஓட்டத்துக்கு ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் உடல் முதலில் சிக்கனம் பிடிப்பது மாதவிலக்கில்தான் என்றார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் கால்சியம் மட்டும் போதாது, வயிறு நிறைய வேண்டும். இப்போது ஓடும் முன் வாழைப்பழம், வந்ததும் களி. டிசம்பரில் விலக்கு திரும்பியது. எம்ஆர்ஐ அறிக்கையைவிட அதுதான் எனக்குத் தெம்பு தந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

தவறு செய்துவிட்டேன். நண்பர்களோடு கே.ஆர்.பி. அணைச் (கிருஷ்ணகிரி அணை) சாலைக்குப் போனேன். மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்பதுதான் இன்றைய கணக்கு. மூச்சு அவ்வளவு லேசாக இருந்தது. "அக்கா, அந்த வளைவு வரைக்கும்" என்றான் கூட ஓடும் கல்லூரித் தம்பி. பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓடினேன்.

ஜனவரி 27, திங்கள்

படுக்கையிலிருந்து இறங்கியதும் அதே இடத்தில் ஒரு சுருக். கூர்மையாக இல்லை, மங்கலாக. பிசியோதெரபிஸ்டை அழைத்தேன். திட்டவில்லை. பழுதான எலும்பை உடல் முதலில் அரித்து எடுக்கிறது, அது சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த இடத்தில் புதிதாகக் கட்டி உறுதியாக்க மாதக்கணக்காகும். நுரையீரலும் தசையும் அதற்குள் தயாராகிவிடுகின்றன. எலும்பு பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்றார். ஒரு வாரம் சைக்கிள் மட்டும். பிறகு இரண்டு நிமிட ஓட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. வலி இல்லை. அடியை நீட்டாமல், சிறு சிறு அடிகளாக வேகமாக வைக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். எலும்பின் மேல் விழும் சுமை அதில் குறையுமாம். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஓடினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடி அணைச் சாலை. மாந்தோப்புகள் முழுக்கப் பூ. கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள், கீழே ஈர மண்ணில் உதிர்ந்தது போக மீதி கிளையில் பிஞ்சாகக் காத்திருக்கிறது. கடுகளவுதான் இருக்கும். கைக்கடிகாரம் மூன்று நிமிடம் என்று ஒலித்தது. தம்பி திரும்பிப் பார்த்தான். "நீ போப்பா" என்றேன். அவன் வளைவில் மறையும்வரை நடந்துகொண்டே பார்த்திருந்தேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஓடினேன்.

நாளை ஓய்வு. செவ்வாய்க்கிழமையும் இதே மூன்று நிமிடம்தான்.