வீட்ல கேக்கறாங்க

கேபிள் டிவி வேலையில் நான் சேர்ந்தது 2002-ல். மயிலாடுதுறை பக்கம் ஒரு சின்ன கன்ட்ரோல் ரூம். மாடியில் நாலு டிஷ், கீழே ஒரு மேஜை, ஒரு போன், கம்ப்ளைன்ட் எழுத ஒரு நோட்டு. பகலில் சந்தா வசூல், பொழுது சாய்ந்ததும் கம்ப்ளைன்ட் பார்க்கப் போக வேண்டும். சைக்கிள் கேரியரில் ஒயர் சுருள் இருக்கும். பையில் கட்டிங் பிளேயர், நாலைந்து கனெக்டர், ஒரு ஸ்ப்ளிட்டர்.

பகல் முழுக்கப் படம் தெரியாமல் கிடந்தாலும் அடிக்காத அந்த போன், ஏழு மணிக்கு மேல் ஓயாது. பெண்கள் பேசினால் விஷயம் நேராக வந்துவிடும். "தம்பி, சன் டிவி புள்ளி புள்ளியா வருது, மெட்டி ஒலி போடுறதுக்குள்ள வந்துடுப்பா." ஆண்கள் பேசினால் "நியூஸ் சரியா தெரியல" என்பார்கள். போய்ப் பார்த்தால் செய்தி சேனல் பளிச்சென்று இருக்கும். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, "அப்படியே அந்த சன் டிவியையும் ஒரு தடவை பாத்துடு. வீட்ல கேக்கறாங்க" என்பார். உடனே அடுப்படியிலிருந்து குரல் வரும்: "நான் எங்க கேட்டேன்?"

வங்கி அதிகாரி, தாலுகா ஆபீஸ் ஊழியர், கட்சிக்காரர், ஜவுளிக்கடை முதலாளி என்று எத்தனையோ பேர் வாயிலிருந்து இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். அவர்களை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. சீரியல் பார்ப்பதை ஏன் இப்படி ஒளிக்கிறார்கள் என்றுதான் வருத்தமாக இருக்கும்.

அப்போதெல்லாம் அனலாக். ஒவ்வொரு சேனலும் ஒயரில் ஒவ்வொரு அலைவரிசையில் போகும். ஒயர் நீளமாகப் போகப் போக மேல் அலைவரிசையில் இருப்பதுதான் முதலில் மங்கும். அதனால் எந்தச் சேனல் மங்கினால் ஊரே கூப்பிடுமோ, அதைக் கீழ் அலைவரிசையில் வைப்போம். கடைக்கோடி வீட்டுக்கும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் இல்லையா? எங்கள் கன்ட்ரோல் ரூமில் சன் டிவிக்குக் கொடுத்த இடத்தை எதற்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. நாட்டு நடப்பும் வெளிநாட்டு விலங்குகளும் காட்டுகிற சேனல்கள் மேலே இருந்தன. அவை தெருக்கோடி வீடுகளில் வருடக்கணக்கில் மழை பெய்வது போலத்தான் தெரிந்தன. நோட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரி ஏறியதில்லை. அறிவு வளர்க்கிற நிகழ்ச்சி மட்டும்தான் பார்ப்பேன் என்று சொன்னவர்கள் வீடுகளும் அந்த வரிசையில் இருந்தன.

மெட்டி ஒலி 2002 முதல் 2005 வரை ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற அப்பாவின் கதை. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்குள் போனால் எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மூன்று பெண்கள் இருந்த ஒரு வீட்டில் நான் கனெக்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர் வாசல் திண்ணையில், தெருவைப் பார்த்தபடி, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே சம்பந்தி வீட்டில் அப்பா அவமானப்படுகிற காட்சி ஓடியது. படம் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், தோள் துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். வேலை முடிந்து நான் வெளியே வந்ததும், "கொசு ரொம்ப ஜாஸ்தி தம்பி" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆண்டு அவருடைய மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2008-க்குப் பிறகு மின்வெட்டுக் காலம். வசதியானவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும், டிவி ஓடும். ஆனால் தெருமுனையில் சிக்னலுக்கு வலு ஏற்றுகிற எங்கள் ஆம்ப்ளிஃபையருக்குக் கரன்ட் இல்லாவிட்டால் ஒயரில் எதுவும் வராது. கோலங்கள் கடைசிக் கட்டத்தில் இருந்த 2009-ல் ஒரு தெருக்காரர்களே சேர்ந்து, இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு லைன் கொடுக்கச் சொன்னார்கள். பேச வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். "பொம்பளைங்க தொல்லை தாங்கல" என்றார்கள். 2003-ல் ஆரம்பித்து 1500 பகுதிகளைத் தாண்டி ஓடிய கதை அது. ஆறு வருடம் தினமும் அரை மணி நேரம் கூடவே இருந்தவர்களைக் கடைசி மாதத்தில் விட்டுவிட யாருக்கு மனசு வரும்?

இதெல்லாம் நானாகக் கவனித்தது. 2019-ல் எல்லாரும் தாளிலேயே எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதுக் கட்டண முறை அந்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது 100 இலவச சேனல்களுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல் வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சன் டிவி 19 ரூபாய், விஜய் டிவி 17 ரூபாய். வீடு வீடாகப் பட்டியலோடு போய் டிக் வாங்கினோம். செய்திச் சேனல்களில் பலவும் இலவசப் பட்டியலிலேயே இருந்தன. நியூஸ் மட்டும் பார்க்கிறவர் அந்த 153 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம். நானும் ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொன்னேன். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். சிலர் மனைவி கையில் கொடுத்து டிக் போடச் சொல்வார்கள். என் ஏரியாவில் சன் டிவி கட்டத்தைக் காலியாக விட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மனைவி இல்லை, தனியாக இருக்கிறார். பையன் பெங்களூரில் இருந்து போனிலேயே சொல்லிவிட்டான்: "அப்பா சீரியல்லாம் பாக்க மாட்டார், நியூஸ் போதும்." அவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். சரி என்று அப்படியே ஆக்டிவேட் செய்தோம். நாலாம் நாள் ராத்திரி எட்டரைக்கு போன். "தம்பி, பாக்ஸ்ல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு."

போனேன். பாக்ஸில் கோளாறு எதுவும் இல்லை. சன் டிவி எண்ணை அழுத்தி, இந்தச் சேனலுக்குச் சந்தா இல்லை என்ற அறிவிப்பைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். "சேத்துடவா சார்?" என்றேன். "சேத்துடு" என்றார். வீட்ல கேக்கறாங்க என்று அவரால் சொல்ல முடியாது. நான் கன்ட்ரோல் ரூமுக்குப் பேசி, படம் வருவதற்காகக் காத்திருந்தபோது, "நீ பாக்கறதுண்டா?" என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். சிக்னல் சரியாகப் போகிறதா என்று கவனிக்க மானிட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பழகியது, பிறகு வேலை இல்லாத அன்றும் பார்க்கிறேன். "அப்ப நடுவுல மூணு நாள் என்ன ஆச்சு?"

பாக்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த மூன்று நாள் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டார். மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாளா, மாமியார் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாளா என்று குறுக்கே கேட்டார். அந்த வீட்டில் ரொம்ப நாளாக அவ்வளவு பேச்சு நடந்திருக்காது என்று தோன்றியது. கிளம்பும்போது ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தார்.

சீரியல்களில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கன்னத்தில் விழுகிற ஒரு அறைக்கு மூன்று தடவை முகத்தைக் காட்டுகிறார்கள், பாலில் விஷம் கலக்கிறார்கள், ஒரு கல்யாணத்தை இரண்டு மாதம் இழுக்கிறார்கள். பார்க்கிறவர்களே அதைத் திட்டிக்கொண்டுதான் பார்க்கிறார்கள். ஆனால் இந்த வெட்கம் அதனால் வந்தது இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை கிரிக்கெட் பார்க்கிறவர் மறுநாள் அதைக் கடைத்தெருவில் நின்று சொல்கிறார். பத்துத் தடவை பார்த்த சண்டைப் படத்தைப் பதினோராவது தடவை பார்த்ததையும் சொல்கிறார். சீரியலை மட்டும் மறைப்பது, அது பெண்கள் பார்ப்பது என்பதால்தான். அடுப்படியும் சம்பந்தி சண்டையும் நகை அடகும் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். அந்தச் சின்ன விஷயங்களில்தான் எல்லார் வீடும் ஓடுகிறது.

இப்போது பலரும் போனில், காதில் இயர்போன் வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். கனெக்‌ஷனும் குறைந்துவிட்டது. ஆனால் 2023 செப்டம்பர் 8 அன்று எங்கள் டீக்கடையில் யாரும் எதையும் மறைக்கவில்லை. எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அன்று காலை காலமானார். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உடம்புக்கு முடியாமல் போனது. கொத்தனார், ஆட்டோக்காரர், எல்ஐசி ஏஜென்ட் எல்லாரும் அவரைப் பற்றியே பேசினார்கள். அவர் நடக்கிற விதம், "ஏ, இந்தாம்மா" என்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வீட்டில் பெண்களை அடக்கி வைக்கிற ஒரு கொடுமைக்காரனின் பாத்திரம் அது. தினமும் திட்டியவர்களே அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். இனி அந்த வேஷத்துக்கு யார் வருவார் என்பதுதான் பல நாள் பேச்சு.

அக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார். அன்று இரவு தலைமை ஆசிரியர் போன் செய்தார். பாக்ஸில் என்ன சார் என்று கேட்டேன்.

"பாக்ஸ் நல்லா இருக்குப்பா. பாத்தியா? புது ஆளு எப்படி?"