மாலை ஆறு மணிக்கு மேல்

மே 8, 2025, வியாழன்

காலையில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. இயற்பியலில் நான் நினைத்ததைவிடக் கூடுதல் மார்க். மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் சேருவது ஏற்கெனவே பேசி முடிவான விஷயம். எங்கே தங்குவது என்ற பேச்சுதான் இன்று முழுக்க வீட்டில் ஓடியது.

நான் தினமும் போய் வர வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். "உசிலம்பட்டியில இருந்து மதுரை நாப்பது கிலோமீட்டர்தானத்தா" என்கிறார். கணக்கு அவ்வளவு எளிதில்லை. எங்கள் ஊரில் இருந்து உசிலம்பட்டிக்கு ஒரு பஸ், அங்கே தேனி பஸ்ஸைப் பிடித்து ஆரப்பாளையம், ஆரப்பாளையத்தில் இருந்து கல்லூரிக்கு இன்னொரு பஸ். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்கு மட்டும். நடுவில் இருக்கும் நீண்ட தூரத்துக்கு டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். காசுகூடப் பரவாயில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகிவிடும்.

அத்தை மகள் மதினி இப்படித்தான் படித்தார். நல்ல மார்க்கோடு பட்டமும் வாங்கினார். ஆனால் கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடியதால் லைப்ரரியில் ஒருநாளும் நிதானமாக உட்கார்ந்ததில்லை என்று இன்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்த நேரம் வேண்டும். கல்லூரி முடிந்த பிறகு வரும் மாலை முழுதாக வேண்டும். அதற்காகத்தான் விடுதி கேட்கிறேன்.

மே 10, சனி

அம்மா இதுவரை எதுவும் சொல்லவில்லை. மல்லிகைக்கு இதுதான் சீசன். விடியும் முன் அம்மாவும் நானும் மொட்டுப் பறிப்போம். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நான் போய்விட்டால் அத்தனை வரிசையும் அம்மா ஒருவர் தலையில் விழும். இனி தம்பி பறிக்கட்டும் என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அவன் முறைத்தான். "ஏன், அவனுக்குக் கை இல்லையா?" என்று அப்பத்தாதான் எனக்காகக் கேட்டது.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். குடும்பத்தோடு போய், செல்லூரில் சித்தி வீட்டில் தங்கினோம். இன்று கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் சித்தி ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டலைக் காட்டக் கூட்டிப் போனார். வெளியே தங்கினால் கெடுபிடி குறைவு என்பது அவர் எண்ணம்.

மூன்று மாடிக்கும் ஒரே படிக்கட்டு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு ஃப்ரிட்ஜ். அதைப் பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். 2024 செப்டம்பர் 12 விடியற்காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து, இரண்டு ஆசிரியைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை.

"தீப்பிடிச்சா பிள்ளைங்க எந்த வழியா இறங்கும்?" என்று அப்பா கேட்டார். அங்கிருந்தவர் மொட்டை மாடியைக் காட்டினார். பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமத்தைக் காட்டச் சொன்னோம். விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டோம். மகளைத் தங்க வைக்கப் போகிறவர்கள் அந்தக் காகிதத்தைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

மே 20, செவ்வாய்

அரசு நல விடுதிக்கும் விண்ணப்பம் தயார் செய்துவிட்டேன். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. எங்கள் கணக்கு டீச்சர் அப்படி ஒரு விடுதியில் தங்கிப் படித்து வந்தவர்தான். அங்கே இடம் கிடைப்பது கல்லூரி தொடங்கிய பிறகுதான் தெரியும் என்பதால், கல்லூரி விடுதிக்கு அடுத்து அதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் இருந்து அரசு கள்ளர் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1000 ரூபாய் வரும். அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் மெஸ் பில்லை எழுதி, அதில் ஆயிரத்தைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

மே 24, சனி

அட்மிஷன் பணம் கட்டிய கையோடு கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் விடுதியைப் பார்த்தோம்.

முதலாமாண்டு மாணவிகளுக்குத் தனிக் கட்டடம். புதிதாகச் சேர்கிறவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் தங்க வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. அதற்குள் எங்களுக்கு இரண்டு வகை. தரைத்தளத்தில் மூன்று பேர் அறை, பாத்ரூம் உள்ளேயே. மேல் மாடியில் பத்துக் கட்டில் போட்ட ஹால், பாத்ரூம் வராந்தாவின் கடைசியில்.

அம்மாவுக்கு மூன்று பேர் அறை பார்த்தவுடன் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர். மத்தியானத்திலும் லைட் போட வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் ஒரே மேசை. ஹாலில் இரண்டு பக்கமும் ஜன்னல்கள், கட்டிலுக்கு ஒரு மேசை, பூட்டு போடக்கூடிய அலமாரி. வெக்கை உண்டு, சுவரில் கை வைத்தால் சுட்டது. ஆனால் அதைத் தாங்கிக்கொள்வேன், எங்கள் வீடும் ஓட்டு வீடுதான்.

மாலை ஆறு மணிக்கு மேல் என்ன நடக்கும் என்று வார்டனிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஆறு மணிக்கு கேட் மூடி அட்டெண்டன்ஸ். லைப்ரரி விடுதி மாணவிகளுக்காக எட்டு வரை திறந்திருக்கும். அப்புறம் சாப்பாடு, ஸ்டடி ஹவர். பத்தரைக்கு எல்லா அறையிலும் லைட்டை அணைத்துவிட வேண்டும். ஆனால் ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு படிக்கும் அறை இருக்கிறது, அங்கே ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அந்த அறைக்குள் போய் நின்று பார்த்தேன். நீள மேசை, மர நாற்காலிகள், ஓரத்தில் ஒரு கரும்பலகை. அங்கேயே என் மனது முடிவு செய்துவிட்டது.

அப்பா கேட்ட கேள்விகள்தான் இன்று எனக்கு மிகவும் பிடித்தது. ராத்திரி வார்டன் எந்த அறையில் தூங்குவார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள், இரண்டாவது படிக்கட்டின் கதவைப் பூட்டி வைப்பார்களா. தீயணைப்பு சிலிண்டரில் ஒட்டியிருந்த தேதியைக்கூடப் படித்தார்.

அம்மா நேராக மெஸ்ஸுக்குப் போய்விட்டார். மாத முடிவில் மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களுக்கு வகுத்துப் பில் போடும் டிவைடிங் சிஸ்டம்தான் இங்கே. சொல்லிவிட்டுச் சேர்ந்தாற்போல் சில நாள் ஊருக்குப் போனால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். சமையல் அக்கா ஒரு டம்ளரில் ரசம் கொடுத்தார். "புளி தூக்கலா இருக்கு, ஆனா உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று அம்மா சொன்னார். அம்மா வெளியில் யார் சமையலுக்கும் அவ்வளவு நல்ல பெயர் கொடுத்ததில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் இருந்த இளையான்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, அஞ்சரைக்கு முன்னால் குளித்துவிடு, கொடியில் போடும் துணியில் பெயர் எழுதி வை, பக்கெட்டுக்கும் பெயர் எழுது என்று சொன்னார். புரஸ்பெக்டஸில் இதெல்லாம் இருக்காது.

ஜூன் 3, செவ்வாய்

விருப்பப் படிவத்தில் ஹால் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அம்மா சம்மதிக்க நாளாயிற்று. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பொருள் காணாமல் போகும், ஒருத்திக்குச் சளி பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும் என்றார். இரண்டுமே நியாயமான பயம். ஆனால் மூன்று பேர் அறையில் இரண்டு பேர் ஏற்கெனவே தோழிகளாக இருந்துவிட்டால் மூன்றாவது பெண் வருடம் முழுக்கத் தனியாகத்தான் கிடக்க வேண்டும். பத்துப் பேரில் யாராவது ஒருத்தியோடு எனக்கு ஒத்துப்போகும். இதைச் சொன்னபோது அம்மா மறுத்துப் பேசவில்லை. ஹாலுக்கு வாடகை குறைவு என்பது அப்பாவுக்குப் போதுமான காரணம்.

ஜூன் 15, ஞாயிறு

ராகிங் தடுப்பு உறுதிமொழியை நானும் அப்பாவும் ஆன்லைனில் கொடுத்தோம். 1800-180-5522 என்ற ராகிங் புகார் எண்ணை அப்பா என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். கெட்டில், அயர்ன் பாக்ஸ் கொண்டுவரக் கூடாதாம். டிரங்க் பெட்டியில் பாதி இடத்தை இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பிடித்துக்கொண்டன. தம்பி இந்த வாரம் முழுக்க விடியற்காலையில் எழுந்து பூப் பறிக்க வந்தான். மெதுவாகத்தான் பறிக்கிறான், ஆனால் மொட்டு நசுங்காமல் பறிக்கிறான்.

ஜூன் 18, புதன்

சேர்ந்தாயிற்று. சாயங்காலம் லைப்ரரியில் எட்டு மணி வரை இருந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, பிடிக்க வேண்டிய பஸ்ஸும் இல்லை. அலைகள் பற்றிய பாடத்தை இரண்டு புத்தகங்களில் ஒப்பிட்டுப் படித்தேன்.

ஹாலில் சிவகங்கை, கமுதி, போடி, கொடைக்கானல் என்று பல ஊர்ப் பிள்ளைகள். கட்டிலுக்குச் சீட்டு குலுக்கிப் போட்டார்கள்; எனக்கு ஃபேனுக்கு நேர் கீழே விழுந்தது. கொடைக்கானல் பெண் மதியத்தில் இருந்தே வெக்கையில் துவண்டு கிடந்தாள். அவளுக்கு என் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவளுடைய கட்டிலுக்கு மாறிக்கொண்டேன். வார்டன் பதிவேட்டில் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டார். சனிக்கிழமை அவுட்டிங் உண்டு. பக்கெட் வாங்க மறந்த நான்கு பேர் அதற்குள் பெயர் கொடுத்துவிட்டார்கள்; நானும் கூடப் போகிறேன், எனக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.