ஒரு சமன்பாடு, எண்ணி முடியாத விடைகள்: வகுப்பறை நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

எட்டாம் வகுப்புக்கு இரு மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தொடங்கப்போகிறேன். ஒரு மாறியில் பிள்ளைகள் நன்றாகத் தேறிவிட்டார்கள். 3எக்ஸ் + 5 = 20 என்று எழுதி முடிப்பதற்குள் ‘எக்ஸ் 5’ என்று குரல் வருகிறது. அந்த வேகத்தோடு ஒரு பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது. சமன்பாடு என்றால் விடை ஒன்று, அது கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்குப் போடுவதில் அல்ல, இந்த எதிர்பார்ப்பில்தான்.

அதனால் இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் பிரதியிடல் முறை, நீக்கல் முறை எதையும் இப்போது தொடப்போவதில்லை. ஒரே ஒரு சமன்பாட்டோடு அவர்கள் நிதானமாகப் பழகட்டும். இரண்டாவது சமன்பாடு அப்புறம் வரலாம்.

இன்று ஒரு சின்னச் சோதனை மட்டும். 8 + 4 = ___ + 5 என்று எழுதிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். பலர் 12 எழுதினார்கள், சிலர் 17. சமக்குறியை ‘இதோ விடை’ என்ற அறிவிப்பாகப் படிக்கிறார்கள். இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று படித்தவர்கள்தான் 7 எழுதினார்கள். 1557-ல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமாக வேறு எந்த இரண்டும் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதைச் சொன்னதும் 12 எழுதிய சிலர் தாங்களாகவே அழித்துத் திருத்தினார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

மாறி, கெழு என்று எதுவும் சொல்லாமல் ஆரம்பித்தேன். “இரண்டு எண்களைக் கூட்டினால் 10. அவை எவை?”

ஐந்தும் ஐந்தும், ஆறும் நான்கும், ஏழும் மூன்றும் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் எதுவும் சொல்லாமல் பலகையில் எழுதிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவி பொறுக்க முடியாமல், “இதுல எது சரி, டீச்சர்?” என்றாள். இந்தப் பாடமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பதிலை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சோடியையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். எல்லாமே 10. அப்படியானால் எல்லாமே சரி.

“மொத்தம் எத்தனை விடை?” என்று கேட்டேன். ஒரு பையன் 0 முதல் 10 வரை விரலில் எண்ணி 11 என்றான். உடனே பின்னாலிருந்து “12-ம் மைனஸ் 2-ம் கூடத்தான் 10” என்று ஒரு குரல். அதுவரை இருந்த வேலி அதோடு போயிற்று. மைனஸ் 100, 110 என்று எறியத் தொடங்கினார்கள். இன்னொருத்தி 2.5, 7.5 என்றாள். அதைக் கேட்டதும் 11 என்று சொன்னவனே, “அப்போ 2.51, 7.49-ம் வரும். இதுக்கு முடிவே இல்லை” என்றான். இதை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

அடுத்து ஒரு சண்டை. 3, 7 என்பதும் 7, 3 என்பதும் ஒன்றா, வேறா? எண்களுக்குப் பெயர் இல்லாதவரை ஒன்றுதான். முதல் எண் எக்ஸ், இரண்டாவது ஒய் என்று பெயர் வைத்ததும் இரண்டும் வேறாகிவிடுகின்றன. வரிசைச் சோடியை எழுத அடைப்புக்குறி எதற்கு என்பது இங்கே தானாகவே புரிந்துவிடுகிறது. எக்ஸ் + ஒய் = 10 என்று கடைசி சில நிமிடங்களில்தான் எழுதினேன்.

ஜூலை 9, புதன்

2எக்ஸ் + ஒய் = 10. ‘எக்ஸுக்கு உங்களுக்குப் பிடித்த எண்ணைக் கொடுங்கள், ஒய் என்ன ஆகிறது பாருங்கள்’ என்று மட்டும் சொன்னேன். ஒன்றை எடுப்பது நம் விருப்பம். எடுத்த பிறகு மற்றதில் நமக்கு உரிமை இல்லை. இந்த உறவு பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தமாதிரி.

அட்டவணை போட்டார்கள்: (0, 10), (1, 8), (2, 6), (3, 4), (4, 2), (5, 0). பலர் பூச்சியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், ஏதோ வாசற்படி வந்துவிட்டதுபோல. “எக்ஸ் 6 ஆனால்?” என்று கேட்டுத் தள்ள வேண்டியிருந்தது. எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் இரண்டு குறைகிறது என்பதைச் சிலர் அட்டவணையிலேயே கண்டார்கள். சாய்வு என்ற பெயரை இப்போது சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பார்த்ததை அவர்கள் சொற்களிலேயே எழுதட்டும்.

ஜூலை 10, வியாழன்

வரைபடத்தாள். எந்தச் சமன்பாட்டை முதலில் வரைவது என்பதை இந்தப் பாடம் நடத்துபவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ் + ஒய் = 10 பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் வரைவதற்கு ஆகாது. (3, 7)-ஐ ஒரு பிள்ளை (7, 3) இருக்கும் இடத்தில் குறித்தாலும் அதுவும் அதே கோட்டில்தான் விழும், தவறு வெளியே தெரியாது. 2எக்ஸ் + ஒய் = 10 அப்படி மறைக்காது. (1, 8)-ஐத் திருப்பிப் போட்டால் புள்ளி எங்கோ தனியாகப் போய் நிற்கும். பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும். நேற்று அதை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, ஆளுக்கொரு சோடியைக் குறிக்கச் சொன்னேன். பின்னம் எடுத்தவர்கள், எதிர்ம எண் எடுத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். புள்ளிகள் சேரச் சேர வகுப்பு அமைதியானது. அளவுகோலை வைத்தால் எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். புள்ளிகள் கோட்டில் விழுகின்றன என்பது ஒரு பாதி. கோட்டில் இருக்கும் எந்தப் புள்ளியும் விடையாகுமா என்பது மறு பாதி. இதைப் பல நேரம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். யாரும் கணக்கிடாத ஓர் இடத்தைத் தொடச் சொன்னேன். ஒருத்தி தொட்ட புள்ளியை (1.5, 7) என்று படித்தாள். இரண்டு மடங்கு 1.5 என்றால் 3, கூட ஒரு 7, ஆக 10. இன்னொருவன் (3.2, 3.6) என்றான். 6.4 கூட்டல் 3.6, அதுவும் 10.

கோட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது? (2, 3)-ல் 7 வந்தது, (3, 5)-ல் 11, (5, 4)-ல் 14. இந்த மதிப்புகளைப் புள்ளிகளின் பக்கத்திலேயே எழுதினார்கள். கோட்டுக்குக் கீழே எல்லாம் 10-க்குக் குறைவு, மேலே எல்லாம் அதிகம். ஒருத்தி 7 வரும் புள்ளிகளை மட்டும் தேடித் தேடி எழுதிவிட்டு, “இதுங்களும் தனியா ஒரு கோடு போடுது” என்றாள். அந்தக் கோட்டைத் தாளில் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உதவும்.

இப்படித் தளத்தில் புள்ளியையும் சமன்பாட்டில் எண்களையும் இணைத்துப் பார்க்கும் வழியை டெக்கார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1637-ல் ஒரு நூலில் வெளியிட்டார். தெரியாத மதிப்புகளுக்கு எக்ஸ், ஒய் போன்ற கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியதும் அதே நூல்தான். இன்று நாம் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் போடும் இரண்டு அச்சுகள் அதில் இதே வடிவில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

2எக்ஸ் + 3ஒய் = 12. ஒரே சமன்பாடு, மூன்று கதைகள்.

முதல் கதை: இருவர் அமரும் பெஞ்சு எக்ஸ், மூவர் அமரும் பெஞ்சு ஒய், காலி இடமே இல்லாமல் 12 பேர் அமர வேண்டும். விடைகள் (0, 4), (3, 2), (6, 0), இவ்வளவுதான். இரண்டாம் கதை: 12 மீட்டர் கம்பியை வெட்டி, எக்ஸ் நீளத்தில் இரண்டு துண்டும் ஒய் நீளத்தில் மூன்று துண்டும் மீதியில்லாமல் எடுக்க வேண்டும். இப்போது 1.5 மீட்டரும் வரும், 3 மீட்டரும் வரும், ஆனால் எதிர்ம நீளம் வராது. மூன்றாவதில் கதையே இல்லை, வெறும் எண்கள்.

மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வரைந்தார்கள். முதலில் மூன்று புள்ளிகள், அடுத்ததில் இரு அச்சுகளுக்கு இடையே ஒரு கோட்டுத்துண்டு, கடைசியில் இரு பக்கமும் நீளும் முழுக் கோடு. ‘புள்ளிகளைக் குறித்து இணைக்க’ என்று கைப்பழக்கமாகச் செய்ய வைக்கிறோம். இணைக்கலாமா என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும். கேட்டால் பிள்ளைகள் தெளிவாகவே பதில் சொல்கிறார்கள்: “பெஞ்சைப் பாதியா வெட்ட முடியாதே!”

முழு எண் விடைகளில் எக்ஸ் மூன்று கூடும்போது ஒய் இரண்டு குறைகிறது. இரண்டு மூன்றுகளும் மூன்று இரண்டுகளும் ஒன்றுதானே என்று ஒருவன் காரணமும் சொன்னான். முழு எண் விடைகளைத் தேடுவது பழைய தேட்டம். 499-ல் ஆரியபட்டர் எழுதிய நூலில் இதற்கான வழிமுறை இருக்கிறது, பிற்காலத்தில் அதற்குக் குட்டகம் என்ற பெயர் நிலைத்தது.

வீட்டுக்கு: 2எக்ஸ் + 4ஒய் = 7.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்கணக்குக்கு முழு எண் சோடி ஒன்றுகூட யாருக்கும் கிடைக்கவில்லை. கோபத்தோடு வந்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், “கிடைக்கவே கிடைக்காது” என்று எழுதிக் காரணமும் தந்திருந்தாள்: இடப்பக்கம் இரட்டை எண், வலப்பக்கம் ஒற்றை எண். சரி, அப்படியானால் இந்தச் சமன்பாட்டுக்குக் கோடு இருக்கிறதா? வரைந்து பார்த்தால் இருக்கிறது. (1.5, 1) வழியாகப் போகிறது, (3.5, 0) வழியாகப் போகிறது. முழு எண் கட்டங்கள் சந்திக்கும் மூலைகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் எல்லையில்லாமல் நீள்கிறது. ஆசையோடு தாளை ஒட்டிக்கொண்டே போனார்கள், எங்கேயாவது தொட்டுவிடுமோ என்று. தொடாது என்பதை அந்த ஒரு வரிக் காரணமே உறுதி செய்துவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

எக்ஸ் = 4. இதைத் தளத்தில் வரையச் சொன்னால் பெரும்பாலோர் எக்ஸ் அச்சில் ஒரு புள்ளி வைத்தார்கள். எண்கோட்டில் அது புள்ளிதான். தளத்தில் ஒய் எதுவாக இருந்தாலும் சரி என்று ஆகிவிடுவதால் செங்குத்தாக ஒரு முழுக் கோடு. எக்ஸ் + 0ஒய் = 4 என்று எழுதிக் காட்டியதும் தெளிவானது.

ஜூலை 17, வியாழன்

இப்போது இரண்டாவது சமன்பாடு. சீனாவின் பழைய நூலான சுன்ட்ஸி கணித நூலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு கூண்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும். தலைகள் 35, கால்கள் 94. எத்தனை எத்தனை?

தலைக்கணக்கு மட்டும் என்றால் 36 சோடிகள் சாத்தியம். காலைச் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஒரு பையன் எழுதாமலே சொன்னான்: “கால்ல பாதி 47. அதுல தலையைக் கழிச்சா 12. அதுதான் முயல்.” அந்தப் பழைய நூல் சொல்லும் வழியும் இதுவேதான். கோழி எக்ஸ், முயல் ஒய் என்று வைத்து, எக்ஸ் + ஒய் = 35, எக்ஸ் + 2ஒய் = 47 என்று இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவன் மனத்தில் செய்த கழித்தலைக் காட்டினேன். 12 முயல், 23 கோழி. நீக்கல் முறை என்ற பெயரை அப்போதுதான் சொன்னேன்.

பிறகு சுவரில் இருந்த பழைய தாளுக்குப் போனோம். 2எக்ஸ் + ஒய் = 10 கோடும் 7 வரும் புள்ளிகளின் கோடும் எங்கே சந்திக்கும்? வரைந்து நீட்டத் தேவையே இருக்கவில்லை. “ஒரே சோடிக்கு 10-ம் 7-ம் எப்படி வரும்?” என்று கேட்டு முடித்துவிட்டார்கள். 4எக்ஸ் + 2ஒய் = 20 என்றால்? புதுக் கோடே இல்லை, அதே பழைய கோடுதான்.

ஜூலை 18, வெள்ளி

(3, 2) என்ற புள்ளியில் சந்திக்கும் இரண்டு சமன்பாடுகளை நீங்களே உருவாக்குங்கள் என்று கொடுத்தேன். எக்ஸ் + ஒய் = 5, எக்ஸ் – ஒய் = 1 என்று பலர். 2எக்ஸ் + 3ஒய் = 12-ஐ நினைவு வைத்து எழுதியவர்களும் உண்டு. ஒரு மாணவன் எக்ஸ் = 3, ஒய் = 2 என்று எழுதிவிட்டு, “இது ஏமாத்துறதா, டீச்சர்?” என்று கேட்டான்.

ஏமாற்றே இல்லை, இருப்பதிலேயே நல்ல சோடி அது. செங்குத்தாக ஒரு கோடு, கிடையாக ஒரு கோடு, பார்த்ததும் விடை தெரிகிறது. மற்றவர்கள் எழுதிய எக்ஸ் + ஒய் = 5, எக்ஸ் – ஒய் = 1 இரண்டையும் அவனையே கூட்டச் சொன்னேன். 2எக்ஸ் = 6 வந்தது. அதை அதே தாளில் வரைந்தான், (3, 2) வழியாகச் செங்குத்தாக இறங்கியது. கழித்தால் 2ஒய் = 4, அதே புள்ளி வழியாகக் கிடைக்கோடு. இரண்டு சமன்பாடுகளைக் கூட்டினாலும் கழித்தாலும் வரும் புதிய கோடு அந்தச் சந்திப்புப் புள்ளியை விடுவதில்லை. திங்கட்கிழமை நீக்கல் முறையை முழுதாகத் தொடங்கும்போது ஒவ்வொரு படியையும் வரைந்துகொண்டே போகப்போகிறோம். முதல் கணக்கு 2எக்ஸ் + 3ஒய் = 12, எக்ஸ் – ஒய் = 1.