குளிரையும் மழையையும் தாங்கும் பெட்டி: புதிய நாட்டில் ஜியோகேச்சிங்

புதிய நாட்டில் முதல் ஆண்டு பெரும்பாலும் வீடு, வேலையிடம், கடை, பேருந்து நிறுத்தம் என்ற வட்டத்துக்குள்ளேயே ஓடிவிடும். அதிகச் செலவில்லாமல் அதிலிருந்து வெளியே இழுக்கும் பொழுதுபோக்குகளில் ஜியோகேச்சிங் ஒன்று. யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து அதன் ஆள்கூறுகளை, அதாவது இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, வெளியிடுகிறார். மற்றவர்கள் கைபேசியோடு போய்த் தேடுகிறார்கள், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதுகிறார்கள், பெட்டியை இருந்தபடியே திரும்ப வைக்கிறார்கள். தேடுவது ஒரே மாலையில் பழகிவிடும். ஒளித்து வைப்பதுதான் கைவேலை. கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை பொதுமக்களின் கருவிகள் 100 மீட்டர் வரை தவறிக் காட்டின. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, ஆள்கூறுகளை இணையத்தில் போட்டார். உள்ளே வைத்த பொருள்களில் ஒரு டப்பா பீன்ஸும் இருந்தது. இன்றைய விதிப்படி அந்த முதல் வாளியே தேறாது. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பெட்டிக்காக மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது. உணவின் வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்துக் குதறிவிடும்.

ஜியோகேச்சிங்.காம் தளத்தில்தான் பெட்டிகள் அதிகம். இலவசக் கணக்கோடு தொடங்கலாம். ஆனால் அதன் செயலி இலவசக் கணக்குக்கு எல்லாவற்றையும் காட்டாது. ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும்: கண்டுபிடிக்கும் கடினம் ஒன்று, நிலத்தின் கடினம் மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். முதல் பத்துப் பெட்டிகளை 1.5க்கு மேல் போகாமல், ‘சிறியது’ அல்லது ‘வழக்கமானது’ என்ற அளவில் தேர்ந்தெடுங்கள். விரல்நுனி அளவு நானோ பெட்டிகளில் தொடங்கினால் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் சலித்துப்போவார்கள். தேடிப் போனவர்கள் தளத்தில் எழுதிய கடைசி நான்கைந்து பதிவுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தொடர்ந்து ‘கிடைக்கவில்லை’ என்றே இருந்தால் பெட்டி அங்கே இல்லை என்றுதான் பொருள். அந்தப் பதிவுகளுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. அந்நாட்டு மொழியில் நடந்தது, தேடியது, நனைந்தது, கண்டது என்று ஒரே வினைச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மொழி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இதைவிட எளிய வாசிப்பு கிடைப்பது கடினம்.

ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடலாம். பூங்கா இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவும் ஆள் எந்த நாட்டிலும் சந்தேகத்தைக் கிளப்புவார். குடியேறியவர் என்றால் பார்வை இன்னும் கொஞ்சம் கூர்மையாக விழும். யாராவது கேட்டால் விளையாட்டின் பெயரைச் சொல்லிச் செயலியைத் திறந்து காட்டுங்கள். காவலர் கேட்டாலும் அதேதான். கையில் எடுத்த பெட்டியைச் சட்டைப்பைக்குள் மறைப்பது வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் இடத்தருகே பெரியவர் தனியாகத் தேட வேண்டாம். வேலி தாண்டுவது கூடவே கூடாது. கருவியின் முள் வேலிக்கு அப்பால் காட்டினால், பெரும்பாலும் வழி வேறு பக்கம் இருக்கும். நோர்வே, ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் காடுகளில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பல நாடுகளில் அப்படி இல்லை, குறித்த பாதையை விட்டு இறங்கினாலே அத்துமீறல் ஆகிவிடும்.

கோடையில் புல்லுக்குள் போனால் முழுக்கை சட்டை அணிந்து, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காது மடலின் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் கைபேசியை உடலோடு ஒட்டிய உட்பையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் குளிரில் சட்டென்று அணைந்துவிடும். பேனா மையும் உறையும், பென்சில்தான் உதவும்.

இனி ஒளித்து வைப்பது. குறைந்தது ஐம்பது பெட்டிகளையாவது கண்டபிறகே இதில் இறங்குவது நல்லது. எது ஒரு குளிர்காலத்தைத் தாண்டுகிறது, எது தாண்டாது என்பதை மற்றவர்களின் நனைந்த தாள்கள் சொல்லிக் கொடுக்கும்.

முதல் எதிரி தண்ணீர். பழைய பிலிம் டப்பாக்கள் கைக்கு எளிதாகக் கிடைத்தாலும் மூடி இறுகாது, தாள் கூழாகிவிடும். நான்கு பக்கமும் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள உணவு டப்பா, பெட் பிளாஸ்டிக் பாட்டிலாக ஊதிப் பெருக்கும் முன் இருக்கும் சிறு குழாய் (பெட் குழாய்), ரப்பர் வளையமுள்ள சிறிய அலுமினியக் குழாய், பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி ஆகிய நான்கும் நம்பகமானவை. நல்ல டப்பாவிலும் தாள் நனைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பிளாஸ்டிக் உறையின் ஓரம் மூடிக்கும் வளையத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. எனவே டப்பாவில் நன்றாக அடங்கும் சிறிய உறையையே போடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தால் பெரிய பயன் இல்லை. ஒருமுறை நிறைந்துவிட்டால் அதுவே ஈரப் பொட்டலம். தாளுக்கு நீர்புகாத் தாள் வாங்குங்கள். பென்சிலோடு அதைச் சீவ ஒரு சின்னத் துருவியும் இருக்கட்டும்.

ஆள்கூறு எடுப்பதில் அவசரம் ஆகாது. கருவியை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் குறியுங்கள். பிறகு 30 மீட்டர் விலகி, வேறொரு திசையிலிருந்து திரும்பி வந்து மறுபடி குறியுங்கள். இன்னொரு நாளும் இதையே செய்து சராசரி எடுங்கள். அடர்ந்த மரத்தடியிலும் உயரமான கட்டிடங்களின் ஓரத்திலும் சிக்னல் பட்டுத் தெறித்து வருவதால் பிழை கூடும். விளையாட்டில் வழங்கும் வடிவம் பாகையும் தசம நிமிடமும். முதல் வாளி இருந்த இடம் வடக்கு 45° 17.460. இதைத் தசம பாகையாக எழுதினால் 45.29100. 17.460ஐ 60ஆல் வகுக்காமல் அப்படியே 45.17460 என்று போட்டால், வடக்குத் தெற்கில் மட்டுமே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தவறிவிடும். புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை இதுதான். அடுத்தது கிழக்கு, மேற்கு. தெற்காசியாவில் எல்லாமே கிழக்கு என்பதால், மேற்குத் தீர்க்கரேகை உள்ள நாட்டுக்கு வந்தவர்கள் கிழக்கா மேற்கா என்று காட்டும் எழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நிமிடத்தின் கடைசித் தசம இலக்கம், அதாவது 0.001 நிமிடம், வடக்குத் தெற்கில் 1.85 மீட்டர். கிழக்கு மேற்கில் அது துருவத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். 60ஆவது அட்சரேகையில் பாதியாகிவிடும்.

கைவேலைக்கு நல்ல தொடக்கம் தண்ணீர்க் குழாய். தேடுபவர் தண்ணீர் ஊற்றினால், தாள் இருக்கும் உள்குழாய் மிதந்து மேலே வரும். 40 மி.மீ. பிவிசி குழாய் 50 செ.மீ. நீளம், அடிமூடி ஒன்று, பிவிசி பசை, உள்ளே மிதக்க ஒரு பெட் குழாய். பெரிய குழாயின் உள்விட்டம் சுமார் 36 மி.மீ. என்றால் அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் 3 மி.மீ. துளை மட்டும் இருந்தால், வேகமாக ஊற்றினாலே பெட் குழாய் மேலே வந்துவிடும். சவால் வேண்டுமா? வெவ்வேறு உயரத்தில் 8 மி.மீ. துளைகள் நான்கு போடுங்கள். ஒருவர் விரல்களால் அடைக்க மற்றவர் ஊற்ற வேண்டியிருக்கும், குடும்பமாக வருபவர்களுக்கு அது சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். துளை விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க மறந்தால் யாராவது விரலைக் கிழித்துக்கொள்வார்கள். அடித் துளையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. மழைநீர் தேங்கினால் கோடையில் கொசு, குளிர்காலத்தில் பனிக்கட்டியாகி விரிந்து குழாயே பிளந்துவிடும்.

பெட் குழாய் காலியாக இருந்தால் சாய்ந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடியில் 10 கிராம் எடையை ஒட்டினால் நிமிர்ந்து மிதக்கும். எடைக்கு இரும்பு வேண்டாம், பித்தளை நட்டு போடுங்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்துவிடும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெளியிடும்போது, அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கொண்டு வரவேண்டும், உறைபனிக் காலத்தில் எடுக்க முடியாது என்ற இரண்டையும் விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்த படி, பறவைக் கூடு வடிவில் ஒரு புதிர்ப் பெட்டி. 18 மி.மீ. பலகை, உள்ளே மேலும் கீழும் ஓடும் ஒரு பித்தளை ஊசி. பெட்டி கொக்கியில் நேராகத் தொங்கும்போது ஊசி தன் எடையாலேயே விழுந்து கதவைப் பூட்டும். கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் ஊசி பின்வாங்கிக் கதவு திறக்கும். 8 மி.மீ. ஊசிக்கு 10 மி.மீ. துளை வேண்டும். பட்டறையில் அழகாக வழுக்கும் ஊசி முதல் மழைக்கே இறுகிவிடுவது, ஈரத்தில் மரம் ஊதுவதால்தான். துளைக்குள் ஒரு பித்தளைக் குழாயைச் செருகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கூட்டின் வாசல் துளையை 10 மி.மீ. ஆழத்தோடு நிறுத்துங்கள், வெறும் தோற்றத்துக்குத்தான் அது. உள்ளே வரை துளைத்தால் பறவையோ குளவியோ குடிவந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் பெட்டியைத் தொட முடியாது. பின்பலகையை மறைவான திருகுகளால் பொருத்தினால், பொறி மாட்டிக்கொண்டாலும் நீங்கள் திறக்கலாம். உயிருள்ள மரத்தில் ஆணி, திருகு எதுவும் கூடாது, பட்டையால் கட்டுங்கள். எண் பூட்டு வைப்பதானால் நான்கு இலக்கம் இருக்கட்டும். மூன்று இலக்கத்துக்கு 1000 சேர்க்கைகள்தான், பொறுமைசாலி ஒவ்வொன்றாகச் சுழற்றியே திறந்துவிடுவார்.

பெட்டியில் ஒரு எல்இடி விளக்கு எரியும் மின்சுற்று வைக்க ஆசைப்படுகிறவர்கள் பேட்டரியை உள்ளே வைக்க வேண்டாம். குளிரில் சோர்ந்து, கசிந்து, எல்லாவற்றையும் அரித்துவிடும். தேடுபவரே 9 வோல்ட் பேட்டரி கொண்டு வரட்டும். சிவப்பு எல்இடிக்கு 470 ஓம் மின்தடை போதும். பேட்டரியைத் தலைகீழாகத் தொடுபவர்களுக்காக 1என்4007 டையோடு ஒன்றைத் தொடரில் சேருங்கள். மின்னோட்டம் 13 மில்லிஆம்பியர் அளவில் நிற்கும், வெளிச்சம் கண்ணுக்குப் போதும். தொடுமுனைகள் பித்தளைத் திருகுகளாக இருக்கட்டும். இரும்பு துருப்பிடித்தால் சுற்று செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

குளிர்நாடுகளின் நீண்ட இரவை வீணாக்காத வகை ஒன்றும் உண்டு: இரவுப் பாதை. ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் சிறு பிரதிபலிப்பான்களைக் கண்ணின் உயரத்தில் 20 முதல் 30 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பங்களில் வையுங்கள். முக்கோணமாக மூன்று தெரிந்தால் பெட்டி அருகில் என்று சொல்லிவிடலாம். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் இவை மங்கலாகத்தான் தெரியும், ஒளி விளக்கை நோக்கியே திரும்புவதால். கன்னத்தை ஒட்டிப் பிடிக்கும்படி விளக்கத்தில் எழுதுங்கள். பாதையைப் பகலில் ஒருமுறை நடந்து, பள்ளம், ஓடை, தனியார் நிலம் எதுவும் குறுக்கே இல்லை என்று உறுதி செய்துகொள்வது கட்டாயம்.

மரவேலை வராதவர்களுக்கு மர்மப் பெட்டி. அறிவித்த ஆள்கூறு வெறும் போலி, புதிரை விடுவித்தால்தான் உண்மை இடம் கிடைக்கும். உண்மை இடம் போலியிலிருந்து 3 கிலோமீட்டர் சுற்றுக்குள் இருப்பது நல்லது. தமிழ் எண்கள் இதற்குக் கச்சிதம். ௪௫ என்று இடமதிப்பில் எழுதினால் எளிது. பழைய முறையில் ௪௰௫ என்று எழுதினால், ௰ பத்து என்பதைக் கண்டுபிடிக்கும் வரை திணறுவார்கள். தட்டச்சு எழுத்தாக ஒட்டினால் தேடுபொறி நொடியில் காட்டிக்கொடுத்துவிடும், எனவே கடினம் 2 போதும். கையால் எழுதிப் படமாக வைத்தால் 3. விடை சரியா என்று பார்க்கும் சரிபார்ப்பு வசதியைக் கட்டாயம் இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தவறான புதருக்குள் ஊரே நுழையும். தளத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் மட்டும் தமிழ் வேண்டாம். அங்கே எழுதுவதைத் தளம், ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளி மாற்றும் ராட்13 முறையில் மறைக்கிறது, அது ரோமன் எழுத்துகளை மட்டுமே மாற்றும். தமிழில் எழுதினால் குறிப்பு அப்படியே வெளியே தெரியும்.

பெட்டியின் விவரங்களைத் தளத்துக்கு அனுப்பும் முன் நில உரிமையாளரிடமோ நகராட்சியிடமோ அனுமதி கேளுங்கள். நடக்க உரிமை உள்ள காடு என்றாலும், பெட்டி வைக்க அது அனுமதி ஆகாது. பள்ளி, ரயில் பாதை, படைமுகாம், பாலத்தடி வேண்டாம். வேறொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மர்மப் பெட்டிகளின் மறைந்திருக்கும் இறுதி இடங்களும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே பெட்டியைக் கட்டி முடித்த பிறகல்ல, கட்டும் முன்பே ஆள்கூறை அனுப்பி, சரிபார்க்கும் தன்னார்வலரிடம் இடம் காலியா என்று கேட்டுவிடுங்கள்.

பராமரிப்புதான் பலரைக் கைவிட வைக்கிறது. பழுது என்று யாராவது பதிவிட்டால் நான்கு வாரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். விடுமுறைக்குத் தாய்நாட்டுக்குப் போனபோது ஒரு பெட்டியை வைத்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அங்கே கவனிக்க ஆள் இருப்பதைக் காட்டாவிட்டால் அது வெளியாகாது. நீண்ட பயணம் என்றால் தற்காலிகமாக மூடி வைக்கலாம். வேலைக்காக வேறு நகரம் மாறுவதானால் உள்ளூர் விளையாட்டாளர் ஒருவருக்கு உரிமையை மாற்றிக் கொடுங்கள். யாரும் ஏற்காவிட்டால் பக்கத்தை நிரந்தரமாக மூடிவிட்டு, குழாய், பட்டை, கம்பத்தில் ஒட்டிய பிரதிபலிப்பான்கள் எல்லாவற்றையும் வீடு மாறும் முன் போய்க் கழற்றி எடுத்துவிடுங்கள்.